பெட்டியோடு வரும் செயலிகள்: தீவகத்தில் அன்றும் இன்றும்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கிறவர்களின் கைகளைப் பாருங்கள். அரிசி, எரிவாயு சிலிண்டர், மருந்து, பிள்ளைக்குக் கொப்பி, தையல் மெஷினுக்கு ஒரு பெல்ட் என்று ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு பட்டியல் இருக்கும். மறந்துவிட்டு ஏறினால் மறந்ததுதான். ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் பிடித்தால் அதுவும் நிச்சயமில்லை. நயினாதீவு கிட்ட இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸே போகிறது. ஆனாலும் “ரவுணுக்குப் போகேக்கை வாங்கிக்கொண்டு வா” என்ற பேச்சு யாழ்ப்பாணத்துத் தீவகம் முழுவதற்கும் பொது.

கணினி வந்தபோதும் எங்கள் கணக்கு இப்படித்தான் இருந்தது. ஓர் இயங்குதளத்தோடு எந்தெந்தச் செயலிகள் கூடவே வருகின்றன என்பது கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்குச் சின்னச் சங்கதி. பிடிக்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் வேறொன்றை இறக்கிக்கொள்வார். இணைப்பு நூலாக இழுபடுகிற இடத்தில் கூடவே வந்ததுதான் கணினி. வராதது பெரும்பாலும் வரவே வராது. ஆகவே லினக்ஸ் உலகில் “எதைச் சேர்ப்பது, எதை விடுவது” என்று இருபது வருடங்களாக நடக்கிற சண்டையை நான் எப்போதும் தீவகத்துப் பக்கம் நின்றுதான் பார்த்து வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூடக் குடாநாட்டுக்குள் வரவிடாத காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இயங்குதளம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. 1990இல் தீவுகளிலிருந்து வெளிக்கிட்டவர்களில் பெரும்பகுதியினர் அப்போது ஊரிலேயே இல்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்தது, குடாநாட்டுக்கான ஏ-9 பாதை திறந்தது. அதன் பிறகுதான் கணினிகள் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டமாக வரத் தொடங்கின. வந்தவற்றில் அநேகமானவை நகல் எடுத்த விண்டோஸுடன் வந்தன. கூடவே வைரஸும் வந்தது.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வந்தது அந்த இடைவெளியில். தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் பணத்தில், கனோனிக்கல் நிறுவனத்தின் பெயரில், 2004 ஒக்டோபரில் முதல் பதிப்பு 4.10 வெளியானது. அதில் எங்களைப் போன்றவர்களைப் பிடித்துப் போட்டது மென்பொருளை விட அதன் விநியோகம். விலாசத்தைக் கொடுத்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். தபால் செலவுகூட அவர்களுடையது. ‘ஷிப்இட்’ என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். வாரக்கணக்கில் காத்திருந்தால் மட்டை உறைக்குள் பளபளவென்று வந்து சேரும். முதலில் நிறுவுவதற்கு ஒன்று, போட்டுப் பார்ப்பதற்கு ஒன்று என இரண்டு சீடி, 2006இன் 6.06 பதிப்பிலிருந்து இரண்டு வேலைக்கும் ஒன்றே போதுமானதாயிற்று. அந்த வருடம் ஓகஸ்டில் ஏ-9 மறுபடி மூடப்பட்டது. குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நம்பி இருந்த அந்த நாட்களில், முழுக் கணினிக்குமான மென்பொருள் ஒரு தபால் உறைக்குள் அடங்கும் என்பது சாதாரண விஷயமில்லை.

ஒரு சீடி என்றால் 700 மெகாபைட். இந்த எண்தான் அந்தக் காலத்துச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர். அதே காலத்தில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 3.1 பதிப்பு பத்துக்கு மேற்பட்ட சீடிகளில் வந்தது. வேண்டியது வேண்டாதது எல்லாம் உள்ளே. உபுண்டு எதிர்த்திசையில் போனது. ஒரு வேலைக்கு ஒரு செயலி. இணைய உலாவி ஒன்று, பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று. அதற்கு மேல் இடமில்லை. ஓப்பன் ஆபீஸ் மட்டும் அந்தச் சீடியில் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தது. அதைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை, ஏனென்றால் அது இல்லாத கணினியை எந்த அலுவலகமும் ஏற்காது. மீதி இடத்துக்குத்தான் போட்டி.

அந்தப் போட்டியில் ஒருவர் உள்ளே வரவேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போகவேண்டும். மிகப் பேர்போனது ‘கிம்ப்’ போன கதை. படங்களைத் திருத்தும் இந்தச் செயலி 1995இல் இரண்டு பெர்க்லி மாணவர்கள் தொடங்கியது. திறந்த மூல உலகின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 2009 நவம்பரில் டாலஸ் நகரில் உபுண்டு உருவாக்குநர்கள் கூடினார்கள். கிம்ப் சாதாரணப் பாவனையாளருக்குச் சிக்கலானது, இடத்தையும் அடைக்கிறது, சிவந்த கண்ணைத் திருத்தவும் ஓரம் வெட்டவும் படத்தொகுப்புச் செயலியே போதும் என்று முடிவெடுத்தார்கள். 2010 ஏப்ரலில் வந்த 10.04இல் கிம்ப் இல்லை. அதே பதிப்பில் ‘பிடிவி’ என்ற காணொளி வெட்டும் செயலி புதிதாக ஏறியது. அது 2011 ஒக்டோபரில் இறக்கப்பட்டது.

பாட்டுப் பெட்டியின் கதை இன்னும் சுவாரசியம். முதலில் ‘ரிதம்பாக்ஸ்’. 2011 ஏப்ரலில் அதை இறக்கிவிட்டு ‘பான்ஷீ’. மறு வருடம் ஏப்ரலில் பான்ஷீ போய் மறுபடி ரிதம்பாக்ஸ். இதற்குள் மோனோ என்ற தொழில்நுட்பம் மைக்ரோசொப்டின் நிழலில் வளர்ந்தது, அதில் எழுதிய பான்ஷீ போன்றவற்றைச் சேர்க்கலாமா என்ற சண்டை ஒருபக்கம். பான்ஷீக்குள் இருந்த அமேசன் பாட்டுக்கடையில் வருகிற தரகுப் பணம் யாருக்கு என்ற சண்டை மறுபக்கம். பான்ஷீயை எழுதியவர்கள் முழுவதையும் குனோம் அறக்கட்டளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கனோனிக்கல் 75 வீதம் தனக்கு, 25 வீதம் அறக்கட்டளைக்கு என்றது. கூடவே வரும் செயலி என்பது அலுமாரியில் முன்வரிசை இடம். அந்த இடத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று பலருக்கு அப்போதுதான் வெளித்தது.

இந்த விவாதங்களில் எங்கள் குரல் எங்கும் இருந்ததில்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அப்போதே யோசித்திருக்கிறேன். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கங்களில் வீட்டுக்கு வீடு கணினி திருத்திக்கொண்டு திரிந்த காலம் அது. சீடியில் ‘எவல்யூஷன்’ என்ற மின்னஞ்சல் செயலி இருந்தது. அலுவலகத்தில் அஞ்சல் வழங்கி வைத்திருப்பவருக்கான பெரிய சாமான். அதைத் திறந்து ஒரு கடிதமேனும் அனுப்பிய வீட்டை நான் தீவகத்தில் பார்த்ததில்லை. அஞ்சல் என்றால் உலாவியில் யாஹூ. டொரண்ட் இறக்க ‘ட்ரான்ஸ்மிஷன்’ இருந்தது. அந்த வேகத்தில் யார் இறக்குவது? ஆனால் கிம்ப் வேண்டும். கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், கனடாவில் இருக்கிற மகளுக்கு அனுப்புகிற பழைய கலியாணப் படம், பாஸ்போட் அளவுப் படம் எல்லாம் ஊர்க் கடையொன்றில் ஒரு கணினியில்தான் நடந்தன. “சாதாரணப் பாவனையாளருக்கு இது தேவைப்படாது” என்று டாலஸில் சொன்னவர்கள், ஊர் முழுவதுக்கும் ஒரே கணினி இருக்கும் இடத்தில் சாதாரணப் பாவனையாளர் என்று ஒருவர் இல்லை, அந்தக் கணினி எல்லார் வேலையையும் செய்தாக வேண்டும் என்பதை எண்ணவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பார்க்காததை எப்படி எண்ணுவது?

எல்லாவற்றிலும் மேலான ஏமாற்றம் பாட்டு. புது இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் காலை வீட்டு வாசலில் பெடியன் நிற்பான். “அண்ணை, பாட்டுப் பாடேல்லை.” வீட்டில் அம்மாவிடம் இருக்கிற பக்திப் பாட்டு எம்பி3, அவனுடைய சினிமாப் பாட்டும் எம்பி3. சீடியில் அதைப் பாட வைக்கும் நிரல் இல்லை. காப்புரிமைச் சிக்கல்: பல நாடுகளில் எம்பி3 நிரலை இலவசமாக விநியோகிக்க அப்போது உரிமம் வேண்டியிருந்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. திரையில் வரும் அறிவித்தல் மட்டும் நல்ல மரியாதையாக, “இதை இயக்கத் தேவையானதை இணையத்தில் தேடட்டுமா?” என்று கேட்கும். இணையம் இருந்தால் நான் ஏன் சீடிக்காகத் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? 2006இல் அயர்லாந்தில் வாழும் கிளெமென்ட் லெபெவ்ர் தொடங்கிய ‘லினக்ஸ் மின்ட்’ எங்கள் பக்கத்தில் பிடித்ததற்கு இதுதான் காரணம். அது இந்த நிரல்களைக் கூடவே வைத்துக் கொடுத்தது. எம்பி3 காப்புரிமை உரிமத் திட்டத்தைப் பிரவுன்ஹோபர் நிறுவனம் முடித்துக்கொண்டது 2017 ஏப்ரலில். அதற்குள் எல்லாரும் பாட்டைத் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளோடு பேசுவது இன்னொரு தலைவலி. ‘எக்கிகா’, பிறகு ‘எம்பதி’ என்று நல்ல மனதோடு வைத்துத் தந்தார்கள். டொரண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிற சொந்தம் முழுக்க ஸ்கைப்பில். ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்தால் யார் வருவது? ஸ்கைப் மூடிய மென்பொருள். சீடியில் இடம் கிடையாது. அந்த ஸ்கைப்பையே 2025 மே மாதம் மைக்ரோசொப்ட் மூடிவிட்டது என்பது வேறு கதை.

சீடி எரிக்கும் ‘பிரசேரோ’ மட்டும் தீவகத்தில் இராசா. மண்டபத்தில் எடுத்த கலியாண வீடியோவிலிருந்து பாடசாலைக் கலைவிழா வரை அதில்தான் பிரதி எடுத்தார்கள். அதையும் 2016இல் 16.04 பதிப்பில் இறக்கினார்கள். சீடி ஓட்டி இல்லாத மடிக்கணினிகள் வந்துவிட்டன என்றார்கள். இந்த ஒரு முடிவில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தமிழை வாசிக்க எழுத்துரு பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ரெட் ஹாட் நிறுவனம் திறந்துவிட்ட ‘லோஹித்’ எழுத்துருக்கள் அதில் செய்த உதவி பெரிது. ஆனால் மெனுக்களைத் தமிழில் காட்டும் மொழிப்பொதிக்கு 700 மெகாபைட்டுக்குள் இடம் போதாது. நிறுவிய பிறகு இணையத்திலிருந்து இறக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தேவையான தமிழ், ஆங்கிலம் தெரிந்து இணையமும் உள்ளவருக்குத்தான் சுலபமாகக் கிடைத்தது.

எழுதுவது இன்னும் சிக்கல். இலங்கைத் தமிழரின் ஆவணங்கள் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் வாழ்ந்தவை. பாடசாலைக் கடிதம், பரீட்சை வினாத்தாள், கோயில் கணக்கு எதையும் லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டும். பாமினி எந்த லினக்ஸோடும் கூடவே வருவதில்லை. சர்வதேச ஒருங்குறியில் எழுத இலங்கை தன் தரத்தை வகுத்து, எஸ்.எல்.எஸ். 1326 என்று 2008இல் அறிவித்தது. அதில் உள்ள விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு, எங்கள் தட்டச்சாளர்களின் விரல் பழகிய வழி. இன்றைக்கும் லினக்ஸில் இலங்கைக்கான விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ்நெட் 99 தெரிகிறது, ரெங்கநாதன் தெரிவதில்லை. ‘எம்17என்’ பொதியைச் சேர்த்தால் உள்ளே அழகாக இருக்கிறது. யாரோ நல்ல மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பிரதேச செயலகத்து எழுதுவினைஞர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? நாட்டின் தரமே கூடவே வராத இயங்குதளத்தை எடுத்துக்கொண்டு போய் “இது உங்கள் சுதந்திரத்துக்காக” என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

இனி, முடிவெடுத்தவர்கள் எங்களை எப்படித் தவறவிட்டார்கள் என்று பார்ப்போம். டெபியனிடம் ஒரு கணக்கெடுப்பு உண்டு. பாவனையாளர் சம்மதித்தால், அவருடைய கணினியில் எந்தப் பொதிகள் இருக்கின்றன, எவை பாவிக்கப்படுகின்றன என்று வாரத்துக்கு ஒருமுறை தானே அறிக்கை அனுப்பும். நியாயமான ஏற்பாடு, ஆனால் அறிக்கை போவதற்கு இணையம் வேண்டும். இணையமில்லாத கணினி அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை. 2017 யூலையில் உபுண்டுவின் டஸ்டின் கர்க்லண்ட், அடுத்த வருடத்து 18.04 பதிப்புக்காக உங்களுக்குப் பிடித்த செயலிகளைச் சொல்லுங்கள் என்று உலகத்தைக் கேட்டார். காணொளிக்கு வி.எல்.சி., படத்துக்கு கிம்ப் என்று மறுமொழிகள் குவிந்தன. 18.04 வெளியானபோது பழைய காணொளிச் செயலி ‘டோட்டம்’ அப்படியே இருந்தது, கிம்ப் திரும்பவில்லை. கேட்டதும் நல்லது, கேட்டபடி செய்யாததற்கும் காரணம் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட இடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கும் தொழில்நுட்பக்காரரின் திண்ணைகள். எழுவைதீவில் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியை அங்கே எப்படி வருவார்?

இப்போது இன்றைய நிலைமை.

சீடி போய்விட்டது. ஷிப்இட் 2011 ஏப்ரலில் நின்றது. 2012 ஒக்டோபரில் வந்த 12.10 பதிப்பு 700 மெகாபைட் எல்லையைத் தாண்டி, இனிப் பென்டிரைவ் அல்லது டிவிடி என்றது. 2024 ஏப்ரலின் 24.04 பதிப்பை இறக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 6 ஜிபி. பழைய சீடிகள் எட்டு. இவ்வளவு இடம் கிடைத்ததும் இதுவரை வெளியே நின்றவை எல்லாம் உள்ளே வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நேர்மாறு. 2023 ஒக்டோபரின் 23.10 முதல், நிறுவும்போது எந்தத் தெரிவையும் தொடாமல் “அடுத்தது” என்று அழுத்திக்கொண்டு போனால் உலாவியும் சில சில்லறைக் கருவிகளும் மட்டுமே விழும். ஓப்பன் ஆபீஸின் வாரிசான லிப்ரே ஆபீஸ்கூட நாமாகக் குறி போட்டுக் கேட்டால்தான். பழைய காலத்தில் ஒருவரும் தொடத் துணியாத அலுவலகச் செயலியே இன்று விருப்பத்தெரிவு.

அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லா வேலையும் உலாவிக்குள் நடக்கிறது. வேண்டியதைக் கடையிலிருந்து நொடியில் எடுக்கலாம். வேண்டாததை ஏன் திணிக்க வேண்டும்? கண்ணாடி இழை இணைப்பு உள்ளவருக்கு இது சரி. தீவகத்தில் இணைப்பு என்பது இன்றும் பெரும்பாலும் சிம் அட்டை. கோபுரங்கள் வந்துவிட்டன, 4ஜி வந்துவிட்டது, 2025 யூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது. ஆனால் டேட்டா காசு. உபுண்டுவில் பயர்பொக்ஸ் இப்போது ‘ஸ்னாப்’ பொதி. இந்தப் பொதிகள் நாளுக்கு நான்கு முறை தாமாகவே புதுப்பிப்புத் தேடும், கிடைத்தால் சொல்லாமல் இறக்கும், பெரியவை நூற்றுக்கணக்கான மெகாபைட். தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு ஒரு பாடக்குறிப்பை இறக்கப் போன ஆசிரியரின் மாதப் பொதி, மத்தியானத்துக்குள் ஏன் கரைந்தது என்று அவருக்கு விளங்காது. நிறுத்தி வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையில் இல்லை. மின்சார சபையின் டீசல் இயந்திரங்களில் ஓடுகின்றன. சூரியசக்தியும் காற்றாலையும் கலந்த மின்திட்டத்தை முதலில் சீனக் கூட்டு நிறுவனத்துக்கு 2021இல் கொடுத்தார்கள், இந்தியா ஆட்சேபித்தது, கடைசியில் 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் நாடே தவித்தபோது, மேகத்தில் வைத்த கோப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நெடுந்தீவில் இருப்பவருக்குப் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொரு மாற்றம், ஒருவரும் கேட்காமல் நடந்தது. முதல் கணினி இப்போது தொலைபேசி. வட்ஸ்அப்பும் வைபரும் யாழ்ப்பாணத்தின் தபால் கந்தோர். தொற்றுக் காலத்தில் 2020, 21இல் பிள்ளைகள் வகுப்புக்குப் போனது கைபேசியின் சின்னத் திரையில். அதனால் “மேசைக் கணினி எதற்கு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. பாடசாலைக்குத்தான். சாதாரணதரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பாஸ்கல் நிரலாக்கம் இருக்கிறது, உயர்தரத்தில் பைதன் இருக்கிறது, சின்ன வகுப்புகளில் ஸ்கிராட்ச் இருக்கிறது. தொலைபேசியில் இதைப் பழகி எந்தப் பிள்ளையும் பரீட்சை எழுத முடியாது. இந்த மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். மூன்றும் எந்தப் பெரிய லினக்ஸிலும் பாடத்துக்கு ஏற்ற வடிவில் கூடவே வருவதில்லை. பைதன் மொழி அடியில் இருக்கும், எழுதிப் பழகுவதற்கான சின்ன எழுதுகருவி இருக்காது. ப்ரீ பாஸ்கல் தனியாக இறக்க வேண்டும். ஸ்கிராட்சின் மூன்றாம் பதிப்புக்கு லினக்ஸுக்கென்று அதிகாரபூர்வமான இணையமற்ற செயலியே வரவில்லை.

இதற்கு வேறு வழி போனவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தைப் பாருங்கள். அங்கே பாடசாலைத் தகவல் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனம், இன்று ‘கைட்’ என்ற பெயரில் இருப்பது, உபுண்டுவை எடுத்துத் தன் பாடப்புத்தகத்தை முன்னே வைத்து அலசியது. புத்தகத்தில் ஜியோஜிப்ரா வந்தால் வட்டில் ஜியோஜிப்ரா. கிம்ப் வந்தால் கிம்ப். மலையாளத் தட்டச்சும் உள்ளே. ஆசிரியருக்குப் பயிற்சியும் அதே தொகுப்பில். முடிவெடுத்தது விருப்பமோ வாக்கெடுப்போ அல்ல, வகுப்பறை. இலங்கையில் டனிஷ்க நவின் முதலானோர் பெடோராவை அடிப்படையாகக் கொண்டு ‘ஹந்தான’ லினக்ஸை 2009 அளவில் தொடங்கினார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும், கல்விச் செயலிகளும் சேர்ந்த தொகுப்பு. முயற்சி நல்லது. தன்னார்வலர் தோளில் மட்டும் நின்றதால் நீடிக்கும் பலம் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் 2011க்குப் பிறகு மாணவருக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு இந்தியாவின் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. அதில் பாடம் நடத்தாதபோது கூடவே வந்தும் பயனில்லை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு இடத்தில்தான்.

ஆக, அன்றைக்கு எங்களுக்குத் தடையாக இருந்தது 700 மெகாபைட்டும், முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டதும். இன்றைக்கு அந்த இரண்டு தடையும் இல்லை. 64 ஜிபி பென்டிரைவ் சட்டைப் பையில் கிடக்கிறது. நமக்கேற்ற தொகுப்பைச் செய்ய உரிமமும் தருகிறார்கள், கருவியும் இருக்கிறது. செய்யாமல் இருப்பது நாங்கள். வெளிநாட்டில் முடிவெடுத்தவரைக் குறை சொன்ன அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தீவகத்துப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் நான் போடுகிற பட்டியல் நீளமானதில்லை. லிப்ரே ஆபீஸ் தமிழ் இடைமுகத்தோடு. கிம்ப், கட்டாயம். வி.எல்.சி., ஏனென்றால் எதைக் கொடுத்தாலும் ஓட்டும். ப்ரீ பாஸ்கல், பைதனுக்குத் ‘தொன்னி’, ஜியோஜிப்ரா. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரியும் டக்ஸ் பெயின்டும். விசைப்பலகையில் ரெங்கநாதன், தமிழ் 99, ஒலிப்பு முறை மூன்றும், நிறுவிய உடனே தெரியும்படி. பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றி ஒன்று, இணையமின்றி ஓடுவதாக. ‘கிவிக்ஸ்’ செயலியும் அதற்குள் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள், ஒரு சதம் டேட்டா இல்லாமல். 2005இல் தி. கோபிநாத்தும் மு. மயூரனும் தொடங்கிய நூலகம் திட்டத்தில் தீவகம் பற்றிய நூல்களும் மலர்களும் கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு தெரிவை இறக்கி ஒரு கோப்புறையில் வையுங்கள். மலிவான லேசர் அச்சுப்பொறிகளின் இயக்கிகளை மறந்துவிடாதீர்கள், லினக்ஸைக் கைவிட்ட ஆசிரியர்களில் பாதிப்பேர் அச்சுப்பொறியால் கைவிட்டவர்கள். எவல்யூஷனும் தண்டர்பேர்டும் வேண்டாம். இதில் எதையாவது எடுக்க வேண்டும், வேறொன்றைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே படிப்பிக்கிறவர் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

வயர்லெஸ் பற்றி ஒரு நல்ல செய்தி. முன்பு டெபியனைப் போட்டால் பல மடிக்கணினிகளில் வைபை வேலை செய்யாது. அதற்குரிய நிலைநிரல் முழுச் சுதந்திர மென்பொருள் அல்ல என்று கொள்கைப்படி வெளியே வைத்திருந்தார்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தக் கொள்கையைத் தளர்த்தினார்கள்; 2023 யூனில் வந்த டெபியன் 12 முதல் அது கூடவே வருகிறது. வாக்களித்தவர்கள் எங்களை நினைத்து வாக்களித்திருக்க மாட்டார்கள். பயன் எங்களுக்கும் வந்தது. மறுபக்கத்தில் 32 பிட் பழைய கணினிகளுக்கான வாசல் மூடிக்கொண்டு வருகிறது. உபுண்டு 2017இலும் டெபியன் 2025இன் 13ஆம் பதிப்பிலும் நிறுத்திவிட்டன. அதனால் மிகப் பழையதை அனுப்பாதீர்கள்.

அனுப்பாதீர்கள் என்று யாரிடம் சொல்கிறேன் என்றால், புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களிடம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று இலண்டனிலும் டொரண்டோவிலும் அலுவலகங்கள் கழிக்கிற மடிக்கணினிகள் லினக்ஸில் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றைச் சேர்த்து ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பும் எண்ணம் பலரிடம் இருக்கிறது. அனுப்புங்கள். ஆனால் முதலில் அந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என்னென்ன செயலி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நீங்கள் இருக்கும் இடத்து வேகமான இணைப்பில் இறக்கிப் போடுங்கள். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வையுங்கள். பிறகு பெட்டியை ஒட்டுமுன் வைபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு செயலியாகத் திறந்து, தமிழில் ஒரு பக்கம் அடித்து, ஒரு பாட்டுப் போட்டு, ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள். திறக்காதது எதுவோ அதை அங்கேயே சரிசெய்து அனுப்புங்கள்.